வலை வடிவமைப்புக் காட்சித்தளத்தை எல்லாத் திரைகளுக்கும் ஏற்ப மறுவடிவமைத்தல்

நல்ல இணையத்தளங்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் ஸ்கிரீன்ஷாட்களை அடுக்கி, வகைபிரித்துக் காட்டும் காட்சித்தளங்களை வடிவமைப்புத் துறையில் இருப்போர் அடிக்கடி திறந்து பார்ப்பார்கள். வாடிக்கையாளர் ஒருவருக்கு முகப்புப் பக்கம் வரையத் தொடங்கும் முன், அதே வேலையைப் பிறர் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள அவை உதவுகின்றன. சிங்கப்பூரில் நானும் நண்பர்கள் மூவரும் அத்தகைய தொகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். தேக்கா வட்டாரத்துப் புடவைக்கடைகள், துணைப்பாட நிலையங்கள், கோயில்கள், நாடகக் குழுக்கள், திருமண ஏற்பாட்டாளர்கள் என யாருடைய தளமாக இருந்தாலும், தமிழ் எழுத்து அதில் அக்கறையோடு கையாளப்பட்டிருந்தால் எங்கள் தொகுப்பில் இடம்பெறும்.

எங்கள் பழைய தளம் 960 பிக்சல் அகலத்தில், நான்கு நெடுவரிசைகளுடன், மேசைக் கணினியை மட்டுமே மனத்தில் கொண்டு கட்டப்பட்டது. அதைக் கைப்பேசி முதல் பெரிய திரை வரை எல்லாவற்றுக்கும் இசையும்படி மாற்றியபோது நாங்கள் கடந்து வந்த படிகளை, இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் அடிப்படை அறிவு இருந்தால் போதும். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய தளத்தில் படம் அலங்காரமாக வருவதில்லை. படத்தைப் பார்க்கத்தான் வாசகர் வருகிறார். ஆகவே நெடுவரிசைகளை எப்படி மடக்குவது என்பதைவிட, ஒவ்வொரு திரையிலும் எந்தப் படத்தை, எந்த அளவில், எந்தப் பகுதியைக் காட்டுவது என்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நாங்கள் முதலில் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வாரங்களை இழந்தோம்.

விகிதம் மட்டும் போதாது

‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்னும் பெயர் 2010ஆம் ஆண்டு மே மாதம் ஈதன் மார்கோட் எழுதிய கட்டுரையில் பிறந்தது. விகிதத்தால் அளக்கப்படும் கட்டம், தன்னைத் தாங்கும் பெட்டிக்குள் அடங்கும் படம், திரையின் இயல்பைக் கேட்டறியும் மீடியா குவெரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ரெஸ்பான்சிவ் அமைப்பு என்று அவர் விளக்கினார். உறுப்பின் அகலத்தை அது இருக்கும் பெட்டியின் அகலத்தால் வகுத்து விழுக்காடாக்குவது அவர் காட்டிய கணக்கு. எங்கள் பழைய தளத்தில் ஒரு நெடுவரிசை 220 பிக்சல், பக்கம் 960 பிக்சல். வகுத்தால் ஏறத்தாழ 22.9 விழுக்காடு. இந்த விழுக்காட்டை அப்படியே 390 பிக்சல் அகலமுள்ள கைப்பேசிக்குக் கொண்டுசென்றால் ஒரு படத்துக்கு 89 பிக்சல் மட்டுமே கிடைக்கும். அது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. விகிதம் மட்டும் போதாது, நெடுவரிசைகளின் எண்ணிக்கையே மாற வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது. கணினியைத் திறக்கும் முன் உங்கள் தளத்துக்கும் இதே கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

முதலில் கணக்கெடுப்பு

நிரலில் கைவைக்கும் முன், தளத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் பட்டியலிட வேண்டும். எங்கள் பட்டியலில் ஸ்கிரீன்ஷாட், தளத்தின் பெயர், வடிவமைத்தவர் பெயர், வகை, நிறங்கள், சேர்த்த நாள், சமூக ஊடகப் பொத்தான்கள், குறிச்சொற்களின் பெருந்திரள், விளம்பரத்துக்கென ஒதுக்கி ஒருபோதும் நிரப்பப்படாத பெட்டி என மொத்தம் 17 உருப்படிகள் இருந்தன. கைப்பேசியில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும் என்பதால், எது முதலில், எது பின்னால் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஒவ்வோர் உருப்படிக்கும் எதிரே, இதை எடுத்துவிட்டால் யார் தேடுவார்கள் என்று எழுதினோம். ஒருவரும் தேடமாட்டார்கள் என்று தோன்றியவற்றை நீக்கியபின் 8 எஞ்சின.

பழைய இணைப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. கடை மூடப்பட்டிருக்கும், நாடகக் குழு கலைந்திருக்கும், முகவரி வேறு யாரிடமோ போயிருக்கும். உயிரில்லாத இணைப்பை எடுத்துவிடலாம். ஆனால் படத்தை எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தளம் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் மட்டுமே சான்றாக மிஞ்சியிருக்கக்கூடும். ஆண்டைக் குறித்து, தளம் இப்போது இயங்கவில்லை என்று ஒரு வரி சேர்த்து, படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வியூபோர்ட் வரியும் ஒற்றை நெடுவரிசையும்

பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா குறி இல்லாவிட்டால், கைப்பேசி உலாவி அந்தப் பக்கத்தை மேசைக் கணினிக்கானது என்று எடுத்துக்கொண்டு, சுமார் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பின்னர் முழுவதையும் சுருக்கிக் காட்டும். நீங்கள் எழுதும் மீடியா குவெரிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. அகலத்தைச் சாதனத்தின் அகலத்துக்கும், தொடக்கப் பெரிதாக்கத்தை 1க்கும் அமைத்தால் போதும். சிலர் அதே வரியில், பயனர் விரல்களால் பெரிதாக்க முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். என் தாயார் எந்தப் பக்கத்தையும் இரு விரல்களால் விரித்துத்தான் படிப்பார். நம் வாசகர்களில் மூத்தோர் பலர் அவ்வாறே படிக்கிறார்கள்.

அடுத்து, பழைய ஸ்டைல்ஷீட்டைத் திருத்த முயலாமல் புதிய கோப்பைத் திறந்து, மிகக் குறுகிய திரைக்கான விதிகளை முதலில் எழுத வேண்டும். ‘மொபைல் ஃபர்ஸ்ட்’ என்று லூக் ரோப்லெவ்ஸ்கி 2009இல் முன்வைத்த அணுகுமுறை இதுதான். மீடியா குவெரி எதுவும் இல்லாத நிலையில் தளம் ஒற்றை நெடுவரிசையாக, முழுமையாகப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அகலம் கூடும்போது சேர்க்க வேண்டியவற்றை மட்டும் குறைந்தபட்ச அகல நிபந்தனைகளுக்குள் எழுதுங்கள். பெரிய திரையில் தொடங்கிச் சிறியதற்கு இறங்கினால், மேலே எழுதிய ஒவ்வொரு விதியையும் கீழே மறுத்து எழுத நேரிடும், கோப்பு இருமடங்காகும்.

அட்டைகளை அடுக்கும் கட்டம்

2017 மார்ச் மாதத்தில் முதன்மை உலாவிகள் சில அடுத்தடுத்து சிஎஸ்எஸ் கிரிட்டை ஏற்றுக்கொண்ட பிறகு, காட்சித்தளத்தின் அடுக்குமுறைக்கு மீடியா குவெரி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நெடுவரிசைகளுக்கான விதியில் ரிப்பீட், ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றும் குறைந்தது 280 பிக்சல், மிஞ்சும் இடத்தை ஒரு பங்காகப் பகிர்க என்று எழுதிவிட்டால், எத்தனை நெடுவரிசைகள் கொள்ளும் என்பதை உலாவியே கணக்கிடும். பக்கத்தின் இருபுறமும் 16 பிக்சல் ஓரம், அட்டைகளுக்கிடையே 16 பிக்சல் இடைவெளி என்று கொள்வோம். 375 பிக்சல் கைப்பேசியில் 343 பிக்சல் மிஞ்சும். ஓர் அட்டைதான் கொள்ளும். 768 பிக்சல் டேப்லெட்டில் 736 மிஞ்சும். மூன்று அட்டைகளுக்கு 872 வேண்டுமாதலால் இரண்டு அட்டைகள், தலா 360 பிக்சலில் அமையும். 1280 பிக்சல் மடிக்கணினியில் நான்கு அட்டைகள், தலா 300.

இந்த விதியில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். திரை 300 பிக்சலுக்கும் குறைவாக இருந்தால், 280 என்னும் குறைந்தபட்ச அளவே பக்கத்தை வலப்புறம் தள்ளிவிடும். ஆகவே 280 என்று மட்டும் எழுதாமல், 280 பிக்சல், நூறு விழுக்காடு ஆகிய இரண்டில் எது சிறியதோ அது என்று மின் (min) சார்பைப் பயன்படுத்தி எழுத வேண்டும். மற்றொன்று, ஆட்டோ-ஃபில்லுக்குப் பதிலாக ஆட்டோ-ஃபிட்டைப் பயன்படுத்தினால், தேடலில் ஒரே முடிவு கிடைக்கும்போது அந்த ஒற்றை அட்டை திரை முழுவதும் விரிந்து பூதாகாரமாக நிற்கும். தேடலும் வடிகட்டலும் உள்ள தளத்துக்கு ஆட்டோ-ஃபில்லே பொருத்தம்.

வெவ்வேறு உயரமுள்ள படங்களைச் செங்கற்களைப் போல இடைவெளியின்றி அடுக்கும் மேசன்ரி முறை பலருக்கும் பிடித்திருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நெடுவரிசைகளாகப் பிரித்து அடுக்கும்போது, நிரலில் இரண்டாவதாக உள்ள படைப்பு கண்ணுக்கு முதல் நெடுவரிசையின் அடியில் போய்விடலாம். விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் நகர்வோருக்கு வரிசை குழம்பும். ஒரே விகிதத்தில் அட்டைகளை அமைத்து, ஆப்ஜெக்ட்-ஃபிட்டைக் கவர் என்றும், நிலையை மேல் என்றும் வைத்தால், ஒவ்வொரு தளத்தின் தலைப்பகுதியும் ஒரே மட்டத்தில் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வருபவருக்கு அதுவே வசதி.

படங்கள்: இங்கே நிதானம் வேண்டும்

எங்கள் பழைய ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் 1200 பிக்சல் அகலத்தில் எடுக்கப்பட்டவை. 343 பிக்சல் அட்டைக்குள் அவற்றைச் சுருக்கியபோது, மூலத்தில் 16 பிக்சலாக இருந்த எழுத்து ஏறத்தாழ நாலரை பிக்சலாக ஆனது. அட்டைகள் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் ஓர் அட்டையிலும் வடிவமைப்பு தெரியவில்லை. சாம்பல் கோடுகளும் வண்ணத் திட்டுகளும்தான் தெரிந்தன. நாங்கள் இழந்ததாகச் சொன்ன இரண்டு வாரங்கள் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நெடுவரிசைகளுக்காகச் செலவிட்டவை.

தீர்வு, ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள் எடுப்பது. ஒன்று 1280 பிக்சல் அகலத்தில், மற்றொன்று 390 பிக்சல் அகலத்தில். உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் சாதன முறையைத் தேர்ந்து இரண்டையும் எடுத்துவிடலாம். எடுக்கும்போது சாதனத்தின் பிக்சல் விகிதத்தை 2 அல்லது 3 என வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, பிக்சர் குறியைப் பயன்படுத்தி, குறுகிய திரையில் இரண்டாவது படத்தையும் அகலத் திரையில் முதல் படத்தையும் காட்டுங்கள். 390இல் எடுத்த படத்தை 343 பிக்சல் அட்டையில் வைத்தால் 16 பிக்சல் எழுத்து 14 பிக்சலாகத் தெரியும், தடையின்றிப் படிக்கலாம். கைப்பேசிப் படம் நெட்டுவாக்கில் இருப்பதால், அந்தத் திரையில் மட்டும் அட்டையின் விகிதத்தை 4க்கு 5 என மாற்றி, அகலத் திரையில் 4க்கு 3 என வைத்தோம்.

இதில் எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது. இரண்டு படங்களையும் தனிப்பக்கத்தில் அருகருகே வைத்தபோது, ஒரு தளம் எப்படி மடங்குகிறது, மெனு எங்கே போகிறது, மூன்று நெடுவரிசைகளில் எது மேலே ஏறுகிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. வடிவமைப்பு கற்பவருக்குத் தனியொரு பெரிய படத்தைவிட இந்த இணை கூடுதலாகச் சொல்லித்தருகிறது. உங்கள் தொகுப்பு பெரியதாக இருந்து எல்லாவற்றையும் மீண்டும் எடுக்க இயலாவிட்டால், அதிகம் பார்க்கப்படும் 50 தளங்களில் தொடங்குங்கள். கைப்பேசிப் படம் இல்லாதவற்றுக்குப் பழைய படத்தின் மேல் இடது மூலையை மட்டும் பெரிதாக வெட்டிக் காட்டலாம். முழுப் படத்தையும் சுருக்கிக் காட்டுவதைவிட அது மேல்.

கோப்பின் எடை அடுத்த கவலை. 343 பிக்சல் அட்டைக்கு, மூன்று மடங்கு அடர்த்தியுள்ள திரையில் 1029 பிக்சல் படம் வேண்டும். பழைய திரைக்கு 343 போதும். ஒரே படத்தை எல்லாருக்கும் அனுப்பாமல் 360, 720, 1080 என மூன்று அகலங்களில் சேமித்து, எஸ்ஆர்சிசெட் பண்பில் அவற்றைப் பட்டியலிட்டு, சைசஸ் பண்பில் அந்தப் படம் திரையில் எவ்வளவு இடம்பிடிக்கும் என்று சொல்லிவிட்டால், உலாவி பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளும். சைசஸ் பண்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் படம் திரையின் முழு அகலத்தையும் பிடிக்கும் என்று உலாவி எண்ணிக்கொண்டு, நான்கு நெடுவரிசைப் பக்கத்திலும் மிகப்பெரிய கோப்பையே இறக்கும்.

கோப்பு வகையில் வெப்பி அல்லது ஏவிஃப் நல்ல தேர்வு. எதைத் தேர்ந்தாலும், அழுத்தும்போது தமிழ் எழுத்தின் புள்ளியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஒளிப்படத்துக்குத் தாங்கும் அழுத்தம் எழுத்துக்குத் தாங்காது. ஜேபெக் கோப்பை மிகுதியாக அழுத்தியபோது, எழுத்தின் விளிம்பில் தோன்றும் மாசு புள்ளியை விழுங்கி, ‘பட்டு’ என்னும் சொல் ‘படடு’ என்று தெரிந்ததை எங்கள் தொகுப்பிலேயே கண்டோம். ஒரு புடவைக்கடை அக்கறையோடு தேர்ந்தெடுத்த எழுத்துருவை நாம் எழுத்துப்பிழையாக்கிக் காட்டுவது முறையன்று. அன்று முதல், தமிழ்ச் சொற்கள் மிகுந்த படங்களுக்கு மட்டும் தர அளவைக் கூட்டி வைக்கிறோம்.

ஒவ்வொரு படக் குறியிலும் அகலமும் உயரமும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்துசேரும் கணத்தில் கீழே உள்ளதெல்லாம் குதித்து நகரும். தட்ட நினைத்தது ஒன்று, விரல் பட்டது வேறொன்று என்றாகிவிடும். திரையை நெருங்கும்போது மட்டுமே படத்தை இறக்கும், சோம்பேறி ஏற்றம் எனப்படும் லேஸி லோடிங்கை முதல் வரிசைப் படங்களுக்கு வைக்காதீர்கள். அவை உடனே தேவைப்படுபவை. மாற்றுரையில் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று மட்டும் எழுதுவதால் பார்வையற்ற வாசகருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ‘கருநீலப் பின்னணியில் பெரிய தமிழ்த் தலைப்பு, அதன்கீழ் இரண்டு நெடுவரிசைகளில் நகைகள்’ என்பதுபோல் அமைப்பைச் சொல்லுங்கள்.

தமிழில் உடையாத அமைப்பு

சிங்கப்பூரில் ஒரு தளம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வருவது இயல்பு. வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஊற்றுகிறார்கள்; அப்போதுதான் பொத்தான்கள் பிதுங்குகின்றன. நேர்மாறாகச் செய்யுங்கள் என்பேன். சீனத்தில் நான்கு எழுத்துகளில் முடியும் மெனுச் சொல், தமிழில் ‘எங்களைப் பற்றி’ என்று நீள்கிறது. நான்கில் பெரும்பாலும் நீளமானதும், மேலும் கீழும் குறியீடுகள் கொண்டதும் தமிழ்தான் என்பதால், தமிழை வைத்து வரைந்த அமைப்பு மற்ற மூன்றையும் எளிதில் தாங்கும். தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த தொடக்க முயற்சிகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. 1995இல் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளம் நான்கு மொழிகளையும் தாங்கியிருந்தது. அதில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அன்று எழுத்தைத் திரையில் தோன்றச் செய்வதே பெரும்பாடாக இருந்தது. இன்று அந்தச் சிரமம் நமக்கில்லை. ஆகவே எழுத்தைப் பிதுங்கவிடுவதற்குச் சாக்கும் இல்லை.

கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். எச்டிஎம்எல் குறியில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்குப் போதுமான 1.2 வரி உயரம் தமிழுக்குப் போதாது. வழிந்தோடுவதை மறைக்கும் விதி சேர்ந்திருந்தால் ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். தலைப்புக்கு 1.4, உடலுரைக்கு 1.7 என்பது எங்கள் அளவு.

நீண்ட சொற்கள் அட்டைக்கு வெளியே நீளும்போது, எங்கே வேண்டுமானாலும் ஒடி என்று பொருள்படும் பிரேக்-ஆல் விதியைச் சிலர் எழுதிவிடுகிறார்கள். அதனால் அடுத்த வரி ‘ர்’ என்றோ ‘ப்’ என்றோ தொடங்கக்கூடும். மெய்யெழுத்தில் வரி தொடங்குவது தமிழ்க் கண்ணுக்கு உறுத்தும். ஓவர்ஃப்ளோ-ராப்பை மட்டும் கடைசிக் காப்பாக வைத்துவிட்டு, ‘பல்கலைக்கழகத் தமிழ்ப்பேரவை’ போன்ற பெயர்களில் சொற்கள் புணரும் இடத்தில், இங்கே வரி ஒடியலாம் என்று காட்டும் டபிள்யூபிஆர் (wbr) குறியை நாமே இட்டுவிட்டால், உடைய நேர்ந்தாலும் பொருளோடு உடையும்.

தலைப்புகளை எழுத்தெண்ணிக்கையால் வெட்டுவது இன்னும் பெரிய சிக்கல். ‘எங்களைப் பற்றி’ என்பதில் நாம் எட்டு எழுத்துகளை எண்ணுவோம். உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியிடங்கள் ஆதலால், கணினி இடைவெளி நீங்கலாக 13 எண்ணும். எங்கள் பழைய நிரல் 20 எண்ணியதும் வெட்டி மூன்று புள்ளிகளைச் சேர்த்துவிடும். ‘கற்பித்தல்’ என்னும் சொல் ‘கற...’ என்று நின்ற பக்கங்களைக் கண்டு வருந்தினேன். எண்ணி வெட்டும் நிரலை அகற்றிவிட்டு, இரண்டு வரிகளுக்கு மேல் காட்டாதே என்னும் லைன்-கிளாம்ப் விதியை எழுதுங்கள். உலாவி எழுத்தைப் பிளக்காமல் நிறுத்தும்.

தொடுதிரையில் மறைந்துபோகும் விவரங்கள்

பழைய தளத்தில் வடிவமைத்தவர் பெயர், படத்தின்மேல் மவுஸைக் கொண்டுசென்றால்தான் தோன்றும். தொடுதிரையில் அந்தச் செயலே இல்லையாதலால், கைப்பேசியில் பார்த்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியாமலே போயிற்று. பிறர் உழைப்பைக் காட்டும் தளம் அவர்கள் பெயரை மறைப்பது பெருங்குறை. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளர் தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையை அளித்துள்ளது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இப்போது பெயர் அட்டையின் அடியில் எப்போதும் தெரிகிறது. மவுஸ் உள்ள சாதனங்களுக்கு மட்டும் கூடுதல் அசைவு வேண்டுமென்றால் ஹோவர் மீடியா குவெரிக்குள் எழுதலாம்.

வகைகளை மூன்று கோட்டு மெனுவுக்குள் முழுவதுமாக ஒளிக்காமல், அதிகம் பயன்படும் ஐந்தாறு வகைகளைத் தேடல் பெட்டியின்கீழ் பொத்தான்களாகக் காட்டுங்கள். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்னும் இணைய அணுகல் நெறிமுறை, தொடுமிடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கக் கேட்கிறது. நாங்கள் 44 வைத்தோம், ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டுபவருக்கு 24 போதாது என்பதால். முடிவின்றி உருண்டு வரும் பக்கத்தைத் தவிர்த்து, ‘மேலும் காட்டு’ என்னும் பொத்தானை வைப்பதே மேல்; பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு விவரங்களை வாசகர் எட்ட முடியும்.

சோதனை

உலாவிச் சாளரத்தை ஓரத்தில் பிடித்து மெதுவாகக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். எந்த அகலத்தில் பார்வைக்கு உறுத்துகிறதோ அங்கே, அமைப்பு மாறும் அகலமான முறிவுப் புள்ளியை வையுங்கள். விற்பனையில் உள்ள கைப்பேசிகளின் அளவுகளைப் பார்த்து வைத்தால், அடுத்த ஆண்டு புதிய அளவு வந்துவிடும். 1280 பிக்சல் சாளரத்தை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் அது 320 பிக்சல் திரையாக நடந்துகொள்ளும். அந்த நிலையில் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். வேகத்துக்குக் கூகலின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகள் கைகொடுக்கும்: முதன்மைப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டியதற்கு 200 மில்லிவிநாடிக்குள் பதில் தெரிய வேண்டும், அமைப்பு நகரும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது.

பிறகு மேசையை விட்டு எழுந்து வெளியே போங்கள். நாங்கள் வடகிழக்கு ரயில் பாதையில், காலை நெரிசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் தளத்தைப் பயன்படுத்திப் பார்த்தோம். தேடல் பொத்தான் மேல் இடது மூலையில் எட்டாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, தேக்கா சந்தைக்கு வெளியே நண்பகல் வெயிலில் திறந்தபோது, வடிவமைத்தவர் பெயரை இளஞ்சாம்பலில் எழுதியிருந்தது சுத்தமாகப் படிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்னும் வேறுபாடு வேண்டும் என்பது நெறிமுறை. எங்கள் சாம்பல் அதைத் தாண்டவில்லை என்று வீடு திரும்பிக் கணக்கிட்டபோது தெரிந்தது. நிறத்தை அன்றிரவே மாற்றினோம்.

மாற்றி வைக்கும் நாள்

முழுத் தளத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், முதலில் தனிப்பக்கங்களை, ஒரு வாரம் கழித்துப் பட்டியல் பக்கங்களை, கடைசியாக முகப்பை மாற்றுவது பாதுகாப்பானது. பக்க முகவரிகளை இயன்றவரை அப்படியே வையுங்கள். மாறியே ஆக வேண்டியவற்றுக்கு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாக அனுப்பிவைக்கும் 301 திசைதிருப்பல் எழுதுங்கள். தளங்களைப் பரிந்துரைக்கும் படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் கேட்டால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவை எதற்காகப் பெறப்படுகின்றன என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். தொலைபேசி எண் நமக்குத் தேவையே இல்லை, கேட்காதீர்கள். படிவத்தைக் கைப்பேசியிலேயே ஒருமுறை முழுவதும் நிரப்பி, தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும்போது அனுப்பும் பொத்தான் அதன் பின்னால் மறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய தளத்தை எடுத்துவிடும் முன், அதன் முகப்பையும் 1280 அகலத்தில் ஒன்று, 390 அகலத்தில் ஒன்று என ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதை அவ்வாறே எடுத்து, புதிய தளத்தின் இரண்டு படங்களோடு சேர்த்து, மற்றத் தளங்களைப் போலவே தொகுப்பில் ஒரு பதிவாகச் சேர்த்திருக்கிறோம். 390 அகலத்தில் எடுத்த பழைய படத்தில் நான்கு நெடுவரிசைகளும் அப்படியே இருக்கின்றன. பெரிதாக்கினால்தான் தளத்தின் பெயர் தெரிகிறது.